மண்சரிவும் தலையெழுத்தும்: இஸ்லாத்தில் பொறுப்பு யாருக்கு, எவ்வளவு?

நீலகிரியில் நாலு நாள் விடாமல் மழை அடித்தால் போதும், வாட்ஸ்அப்பில் இரண்டு வகைச் செய்திகள் கிளம்பிவிடும். ஒன்று, "இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை." இன்னொன்று, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நம் கையில் என்ன இருக்கிறது?" 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று பந்தலூருக்கு அந்தப் பக்கம், வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒவ்வொரு தடவையும் இதே இரண்டு பேச்சு.

கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று தெரியும். முதலாவது, செத்தவர் தலையில் பாவத்தை ஏற்றுகிறது. இரண்டாவது, உயிரோடு இருப்பவர் எல்லோரையும் பொறுப்பிலிருந்து இறக்கிவிடுகிறது. இஸ்லாமியப் போதனை இரண்டையுமே ஏற்பதில்லை. அது பொறுப்பை ஆளாளுக்கு அளந்து பிரிக்கிறது, அந்த அளவைக் குழப்பப் பார்க்கும் மனதோடு மல்லுக்கட்டச் சொல்கிறது. அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் நாலு சொற்கள்

1. கத்ர், அல்லது தக்தீர்: நடப்பவை எல்லாம் இறைவனின் அறிவுக்கும் நாட்டத்துக்கும் உட்பட்டவை என்ற நம்பிக்கை. ஈமான் எனப்படும் இறைநம்பிக்கையின் ஆறு அடிப்படைகளில் ஒன்று. வீட்டுப் பேச்சில் "நஸீபு" என்பார்கள்.

2. முகல்லஃப்: பொறுப்புச் சுமத்தப்பட்டவர். புத்தித் தெளிவும் பருவமும் வந்தவர் என்று பொருள். தூங்குபவர் விழிக்கும் வரை, குழந்தை பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது பாவம் எழுதப்படாது என்று ஒரு நபிமொழி உண்டு.

3. நஃப்ஸ்: மனம், ஆசை, தான் என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்தது.

4. ஹக்கு: உரிமை. இறைவனுக்கு நாம் தர வேண்டியது ஹக்குல்லாஹ், சக மனிதருக்குத் தர வேண்டியது ஹக்குல் இபாத். மறுமையில் கேள்வி கணக்கு என்று நாம் சொல்வது இந்த இரண்டு பேரேடுகளையும்தான். இரண்டும் தனித்தனி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இறந்தவர்கள் பாவிகளா?

தண்டனை என்று சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை, ஆதாரமும் காட்டுவார்கள். உங்களுக்கு வரும் துன்பம் உங்கள் கைகள் சம்பாதித்தது என்ற கருத்தில் குர்ஆனில் ஒரு வசனம் இருக்கிறது (42:30). மனிதக் கைகள் செய்ததால்தான் நிலத்திலும் கடலிலும் கேடு தோன்றியது என்று இன்னொன்று (30:41). சரி. ஆனால் அதே குர்ஆன் ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பதை ஐந்து இடங்களில் சொல்கிறது (6:164, 17:15, 35:18, 39:7, 53:38). அநியாயம் செய்தவர்களை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடாத சோதனையைப் பற்றியும் எச்சரிக்கிறது (8:25). மூன்றையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது இதுதான்: கேட்டுக்கு மனிதச் செயல் காரணமாக இருக்கலாம், ஆனால் அந்தச் செயலைச் செய்தவனும் அதில் செத்தவனும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இதைவிட நேரடியான இரண்டு ஆதாரங்கள் நபிமொழியிலேயே இருக்கின்றன. இவை ஏனோ எந்த வாட்ஸ்அப் செய்தியிலும் வருவதில்லை.

முதலாவது, ஷஹீதுகள் (உயிர்த்தியாகிகள்) ஐந்து வகை என்று எண்ணிச் சொல்லும் நபிமொழி, புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருப்பது. கொள்ளை நோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கி இறந்தவர், இறைவழியில் உயிர் கொடுத்தவர். மண்ணுக்கும் சுவருக்கும் அடியில் போனவருக்கு மார்க்கம் தரும் பெயர் ஷஹீது. அவரைப் பாவி என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இரண்டாவது, நபியின் மனைவி ஆயிஷா அவர்கள் அறிவிக்கும் செய்தி. கஃபாவைத் தாக்க வரும் ஒரு படையை வெட்டவெளியில் பூமி முதலிலிருந்து கடைசி வரை விழுங்கிவிடும் என்று நபி சொன்னபோது அவர் கேட்கிறார், அந்தக் கூட்டத்தில் கடைக்காரர்களும் படையில் சேராதவர்களும் இருப்பார்களே என்று. எல்லோரும்தான் விழுங்கப்படுவார்கள், பிறகு அவரவர் எண்ணப்படி எழுப்பப்படுவார்கள் என்பது பதில். தண்டனை என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்ட இடத்தில்கூடப் பக்கத்தில் நின்றவன் பாவத்தில் பங்காளி இல்லை. அப்படியிருக்க, எந்த அறிவிப்பும் இல்லாத ஒரு மண்சரிவைப் பார்த்து, இது இன்ன ஊர்க்காரர் செய்த இன்ன பாவம் என்று சொல்வது மார்க்கமல்ல, குறி சொல்வது.

எழுதியபடிதான் நடக்கும் என்றால்?

இரண்டாவது செய்திக்கு வருவோம். இது கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் பாதி உண்மை.

இஸ்லாத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. மனிதன் காற்றில் அடிபடும் சருகு, அவனுக்குச் சுயமாக ஒன்றும் இல்லை என்றது ஜபரிய்யா கூட்டம். மனிதன்தான் தன் செயல்களை உண்டாக்குகிறான் என்று மறுகோடிக்குப் போனார்கள் கதரிய்யாக்களும் அவர்களுக்குப் பின் வந்த முஃதஸிலாக்களும். நடுவில் வந்தவர்கள் அஷ்அரீயும் (இறப்பு 936) மாத்துரீதியும் (இறப்பு 944). செயலைப் படைப்பவன் இறைவன், அதைத் தேர்ந்து தனதாக்கிக்கொள்பவன் மனிதன், ஆகவே கேள்வி மனிதனுக்குத்தான் என்பது சுருக்கம். விவரத்தில் இருவருக்கும் வேறுபாடு உண்டு. கூடலூர் பக்கத்து மாப்பிள்ளை முஸ்லிம்கள் சட்டத்தில் ஷாஃபி மத்ஹப் (சட்டப் பள்ளி), நம்பிக்கையில் அவர்கள் வழி அஷ்அரீ. தமிழ் ராவுத்தர்கள் ஹனஃபி, அவர்கள் வழி மாத்துரீதி. ஆனால் கேள்வி கணக்கு உண்டு என்பதில் இந்த இரண்டு தரப்புக்கும் மயிரிழை வித்தியாசம்கூடக் கிடையாது.

நடைமுறைக்கு வேண்டியதை இரண்டாம் கலீஃபா உமர் அவர்களின் ஒரு பயணம் காட்டுகிறது. சிரியாவுக்குப் போகும் வழியில் ஸர்க் என்ற இடத்தில், முன்னால் கொள்ளை நோய் பரவியிருக்கிறது என்று தகவல் வருகிறது. ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்பிப் போக முடிவெடுக்கிறார். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்கிறார் தளபதி அபூ உபைதா. ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்குப் போகிறோம் என்கிறார் உமர். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறு பக்கம் வறட்சி, ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் விதிப்படிதானே மேய்க்கிறாய் என்றும் கேட்கிறார். அதாவது ஆபத்திலிருந்து விலகுவதும் விதிக்குள்தான் இருக்கிறது. மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை வந்ததும் முகாமுக்குப் போகாமல் தவக்குல் (இறைவன் மேல் பாரத்தைப் போடுவது) பேசுபவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

குர்ஆன் ஒரு எல்லையும் போட்டிருக்கிறது. இறைவன் நாடியிருந்தால் நாங்கள் அவனுக்கு இணையாக வேறெதையும் வைத்திருக்க மாட்டோம் என்று சாக்குச் சொன்னவர்களை அது ஏற்கவில்லை (6:148). இன்னொரு இடத்தில், எந்தத் துன்பமும் முன்பே பதிவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்ன காரணத்தையும் சொல்கிறது: கைநழுவியதற்காக நீங்கள் துக்கப்பட்டுக் கிடக்கக் கூடாது, கிடைத்ததற்காகத் துள்ளவும் கூடாது (57:22-23). இதிலிருந்து அறிஞர்கள் எடுத்த விதி எளிமையானது. நமக்கு நேர்ந்த இழப்பில் கத்ரைச் சொல்லி ஆறலாம். நாம் செய்த தப்புக்கு கத்ரைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. வீடு இழந்தவர் "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொன்னால் அது ஈமான். ஓடையை மறித்து மேலே கட்டடம் எழுப்பியவர் அதே வார்த்தையைச் சொன்னால் அது தப்பித்தல்.

சாய்ந்த சுவர்: ஹனஃபி சட்டம் அளக்கும் விதம்

பொறுப்பை அளப்பது என்று சொன்னேன் அல்லவா, அது வெறும் உபதேசம் இல்லை. ஹனஃபி ஃபிக்ஹில், அதாவது மார்க்கச் சட்டத்தில், சாய்ந்த சுவர் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. 1197-ல் மறைந்த மர்கீனானியின் ஹிதாயாவில் விரிவாகப் பார்க்கலாம், மதரஸாக்களில் இன்றும் ஓதிக்கொடுக்கும் நூல்தான். மலையில் தடுப்புச் சுவருக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

நம் ஊரில் சுவர் திடீரென்று விழுவதில்லை. தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் ஓட்டைகளில் மண்ணும் வேரும் அடைத்துக்கொள்ளும், பின்னால் தண்ணீர் தேங்கி மண் ஊறிப் பாரமேறும், கருங்கல் கட்டு மெல்ல வயிறு தள்ளும், மேலே தரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் ஓடும். மழைக்கு முன்பே பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டம் கேட்பதும் சரியாக அந்த இடத்தைத்தான்: யாருக்கு, எப்போது தெரிந்தது?

1. நேராகக் கட்டிய சுவர் பிறகு சாய்ந்து, யாரும் எச்சரிக்கும் முன்பே விழுந்தால் உரிமையாளர் இழப்பீடு தர வேண்டியதில்லை.

2. "உன் சுவர் சாய்கிறது, இடித்துவிடு" என்று ஒருவர் எச்சரித்து, இடிக்கப் போதுமான அவகாசமும் இருந்து, அவர் சும்மா இருந்து, சுவர் விழுந்து உயிரோ பொருளோ போனால் அவர் பொறுப்பு.

3. பொதுவழிப் பக்கம் சாய்ந்தால் எச்சரிக்கும் உரிமை வழியில் நடக்கும் எல்லோருக்கும் உண்டு. ஆணா பெண்ணா, முஸ்லிமா இல்லையா என்ற பேதம் கிடையாது, ஏனென்றால் பாதையில் எல்லோரும் பங்காளிகள். பக்கத்து வீட்டின் மேல் சாய்ந்தால் அந்த வீட்டுக்காரர் எச்சரிக்க வேண்டும்.

4. பக்கத்து வீட்டுக்காரர் "பரவாயில்லை, மெதுவாகச் செய்" என்று தவணை கொடுத்தால் செல்லும், அது அவர் உரிமை. ஆனால் பொதுவழி விஷயத்தில் நீதிபதியே தவணை கொடுத்தாலும் செல்லாது. மக்கள் உரிமையை விட்டுக்கொடுக்க அவர் யார்? (இந்த ஒரு வரியைச் சில அலுவலகங்களில் பிரேம் போட்டு மாட்டலாம்.)

5. ஆரம்பத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால் எச்சரிக்கையே தேவையில்லை. கட்டியதே அத்துமீறல்.

ஐந்தாவது விதி நமக்கு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அனுமதி இல்லாமல், சரிவை நெட்டுக்குத்தாக வெட்டி, வடிகாலுக்கு வழி விடாமல் கட்டுபவர் "யாரும் என்னிடம் சொல்லவில்லையே" என்று வாதாட இந்தத் தர்க்கத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.

ஷாஃபி மத்ஹபில் கணக்கு வேறு. நேராகக் கட்டிய சுவர் பின்னால் சாய்ந்து விழுந்தால் இழப்பீடு இல்லை என்பது அங்கே வலுவான கருத்து. சரிசெய்ய முடிந்தும் விட்டுவிட்டால் உண்டு என்ற கருத்தும் பதிவாகியிருக்கிறது. கூடலூர்க்காரரும் குன்னூர்க்காரரும் அவரவர் ஹஜ்ரத்திடம் (மார்க்க ஆசிரியரிடம்) கேட்டால் வேறு வேறு பதில் வருவதற்கு இதுதான் காரணம், குழம்ப வேண்டாம்.

ஆனால் சட்டம் முடியும் இடத்தில் பாவம் முடிவதில்லை. ஹனஃபி சட்டத்தில் ஒரு விசித்திரமான விவரம் உண்டு: எச்சரிக்கப்பட்ட பிறகு உரிமையாளர் வீட்டை விற்றுவிட்டால் அவர் இழப்பீட்டிலிருந்து விடுபடுகிறார், வாங்கியவருக்குப் புதிதாக எச்சரிக்க வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்படுபவர்கள் அடுத்ததையும் கேட்க வேண்டும். நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்றவனிடம், ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் அல்ல என்று நபி சொன்னது முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. வயிறு தள்ளிய சுவருக்கு வெள்ளையடித்து, சமவெளிக்காரருக்குக் காட்சி நன்றாகத் தெரியும் மனை என்று விற்பது அதே வியாபாரம்தான்.

வேறு வழியில்லாதவர்

எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் இறைவன் சிரமப்படுத்துவதில்லை (2:286). கூடலூர், பந்தலூரில் 1969-ம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-ல் சிக்கிய நிலங்களில் எத்தனையோ குடும்பங்கள் பட்டா இல்லாமல் இருக்கின்றன. பட்டா இல்லை என்றால் முறையான அனுமதி இல்லை, கடன் இல்லை, வேறு இடத்துக்குப் போகப் பணமும் இல்லை. அவர்கள் சரிவில் குடிசை போடுவதும், ரிசார்ட்டுக்காக மலையைக் குடைவதும் பார்வைக்கு ஒரே குற்றம் போலத் தெரியலாம். நிர்ப்பந்தத்தில் இருப்பவன், வரம்பு மீறாமல், விலக்கப்பட்டதை உண்டாலும் குற்றமில்லை என்று சொல்லும் வேதம் (2:173) இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது.

அதற்காக, இல்லாதவர் செய்வதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்றும் இல்லை. புகாரியில் வரும் கப்பல் உவமை இங்கே பொருத்தம். சீட்டுப் போட்டு மேல்தளத்திலும் கீழ்தளத்திலும் ஏறியவர்களில், கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு தடவையும் மேலே போக வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர்களைத் தொந்தரவு செய்வானேன், நம் பங்கிலேயே ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். மற்றவர்கள் அப்படியே விட்டால் எல்லோரும் அழிவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். கவனித்தால், ஓட்டை போடுபவர்கள் கெட்டவர்கள் இல்லை, தண்ணீர் இல்லாதவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் வருகிறதா என்று மேலே இருப்பவர்கள் முன்பே பார்த்திருந்தால் உளியே வந்திருக்காது. மலையில் வெட்டுவது பெரும்பாலும் மேலே, விழுவது கீழே, அவ்வளவுதான் வித்தியாசம்.

நஃப்ஸோடு நடக்கும் மல்லுக்கட்டு

இதெல்லாம் தெரிந்தும் ஏன் செய்கிறோம்? இங்கேதான் ஆன்மிகப் போராட்டம் என்ற பேச்சு வருகிறது. தன் நஃப்ஸோடு போராடுபவனே முஜாஹித் (போராளி) என்று திர்மிதி தொகுப்பில் ஒரு நபிமொழி உண்டு. (சிறிய ஜிஹாதான போரிலிருந்து, பெரிய ஜிஹாதான நஃப்ஸோடு நடக்கும் போராட்டத்துக்குத் திரும்பினோம் என்று மார்க்க உரைகளான பயான்களில் அடிக்கடி வரும் செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது நபிமொழி அறிஞர்கள் கருத்து. அது இல்லாமலே விஷயம் நிற்கும்.)

குர்ஆன் நஃப்ஸை மூன்று நிலைகளில் பேசுகிறது: தீமைக்குத் தூண்டுவது (12:53), தன்னைத்தானே பழித்துக்கொள்வது (75:2), அமைதி அடைந்தது (89:27). நம்மில் பெரும்பாலோர் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஊசலாடுகிறோம். நஃப்ஸின் முக்கியமான வேலை ஆசை காட்டுவதுகூட இல்லை, சாக்குத் தயாரிப்பது. எத்தனை சாக்கு எடுத்துப் போட்டாலும் மனிதன் தனக்கு எதிராகத் தானே சாட்சி என்கிறது ஒரு வசனம் (75:14-15). ஷைத்தானைக் காட்டித் தப்பலாம் என்றால் அதுவும் நடக்காது. தீர்ப்பு நாளில் ஷைத்தானே எழுந்து, உங்கள் மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, கூப்பிட்டேன், வந்தீர்கள், என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்று கைகழுவிவிடுவான் (14:22).

முதல் மனிதர் ஆதமும் ஷைத்தானான இப்லீஸும் இரண்டு பேருமே கட்டளையை மீறியவர்கள்தான். நீ என்னை வழிகெடுத்தாய் என்று இறைவன் மேலேயே பழியைத் திருப்பினான் இப்லீஸ் (7:16). எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம் என்றார்கள் ஆதமும் அவர் மனைவி ஹவ்வாவும் (7:23). அடுத்த மண்சரிவு விசாரணையில் ஒப்பந்தக்காரர், இடத்துக்காரர், அலுவலர் ஆகியோர் கொடுக்கும் வாக்குமூலங்களை இந்த இரண்டு வரிகளோடு ஒத்துப் பாருங்கள்.

சரி, போராட்டம் என்றால் என்ன செய்வது? அறிஞர் கஸ்ஸாலி (1058-1111) தன் இஹ்யா நூலில் இதைப் படிப்படியாக எழுதியிருக்கிறார். மலையில் மனை வைத்திருக்கும் ஒருவரை வைத்துப் பார்க்கலாம்.

1. முஷாரதா: காலையில் நஃப்ஸோடு நிபந்தனை போடுவது. இன்று மண் வெட்டும் இயந்திரம் வரும், அனுமதித்த எல்லைக்கு மேல் ஒரு அடியும் வெட்ட மாட்டேன்.

2. முராகபா: வேலை நடக்கும்போது கண் வைத்திருப்பது. "இன்னும் நாலு அடி எடுத்தால் கார் நிறுத்தலாமே சார்" என்று ஓட்டுநர் சொல்லும் அந்த நிமிடம்தான் களம்.

3. முஹாசபா: இரவில் கணக்குப் பார்ப்பது.

4. அதற்குப் பிறகு வருபவை தவறினால் நஃப்ஸுக்கு விதிக்கும் கண்டிப்பு (முஆகபா), விட்டதை ஈடுகட்டக் கூடுதலாக உழைப்பது (முஜாஹதா), கடிந்துகொள்வது (முஆதபா). கண்டிப்பு என்றதும் பட்டினி கிடப்பது என்று நினைக்க வேண்டாம். வெட்டிய நாலு அடிக்குக் கல் கட்டித் தருவது அதைவிட வலிக்கும்.

மனதில் வந்து போன எண்ணத்துக்குக் கேள்வி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேசாத, செய்யாத வரை மனதின் ஊசலாட்டம் மன்னிக்கப்பட்டது என்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தீமையை நினைத்து, இறைவனுக்காக அதைக் கைவிட்டால் ஒரு முழு நன்மையே எழுதப்படும். ஆசை வந்ததற்காகத் தன்னைத்தானே வெறுத்துக்கொண்டு திரிபவர்களுக்கு இது பெரிய விடுதலை.

தவ்பா செய்தால், அதாவது பாவமன்னிப்புக் கேட்டால், கணக்குத் தீருமா?

கடைசிக் குழப்பம் இது. இரண்டு பேரேடுகள் என்று ஆரம்பத்தில் சொன்னது இதற்காகத்தான். ஷாஃபி அறிஞர் நவவி (1233-1277) தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகள் சொல்கிறார்: பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது. சக மனிதர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நாலாவது ஒன்று சேரும்: அந்த உரிமையை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவர் மன்னிக்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகுமுன் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்கும் நம் வழக்கம் இந்த நாலாவதிலிருந்து வந்ததுதான். ஆனால் பொத்தாம்பொதுவாக "ஏதாவது தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கை கொடுத்துவிட்டுப் போவதில், கீழ்வீட்டுக்காரரின் சமையலறைச் சுவரில் நம் மண் விழுந்து வந்த விரிசல் அடங்குமா என்று யோசிக்க வேண்டும். விரிசலைக் காட்டி, கொத்தனார் கூலியைக் கொடுத்துவிட்டுக் கேட்டால்தான் அது கேட்டதாகும்.

தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் கொண்டுவந்தும் மறுமையில் திவாலாகிறவன் ஒருவனைப் பற்றி முஸ்லிமில் நபிமொழி இருக்கிறது. இவனைத் திட்டினான், அவன் பொருளைத் தின்றான், இன்னொருவனை அடித்தான். அவனுடைய நன்மைகள் எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்படும், நன்மை தீர்ந்தும் கடன் மிச்சமிருந்தால் அவர்கள் பாவம் இவன் தலையில் ஏற்றப்படும். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்றதற்கு இது முரண் இல்லை, அவன் சுமப்பது அவனே வாங்கிய கடனைத்தான்.

பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால்? வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். தவறுதலாக ஓர் உயிர் போயிருந்தால்கூட, வேண்டுமென்று செய்யவில்லையே என்று விட்டுவிடாமல், குடும்பத்துக்கு இழப்பீடும் செய்தவருக்குப் பரிகாரமும் விதிக்கிறது குர்ஆன் (4:92), குடும்பம் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டும் இழப்பீடு போகும். வாரிசு யாரென்றே தெரியாத நிலையில், அவர் பெயரால் அந்தத் தொகையைத் தர்மம் செய்யச் சொல்கிறார்கள் அறிஞர்கள். ஊர் மாறிப் போன தேயிலைத் தோட்டக் கூலிகள் விஷயத்தில் இப்படிப்பட்ட நிலை அடிக்கடி வரும், தர்மம் என்று உண்டியலில் போடுமுன் லயன் வீடுகளில் நாலு பேரை விசாரித்துப் பார்ப்பது அந்தக் கடமையின் முதல் பகுதி.